குருதிக் கடன்

ஜெர்மனி நாட்டு டூயிஸ்பர்க் நகரில், இரயில் நிலையத்துக்கு அருகே ஓர் இத்தாலிய உணவு விடுதி. 2007 ஆகஸ்ட் 15 அன்று, நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு மேல், அவ்விடுதியிலிருந்து வெளியே வந்த ஆறு பேர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அறுவரும் இத்தாலியர். அவர்களுள் ஒருவன் அன்றுதான் பதினெட்டு வயதை எட்டியவன். அவனுடைய பிறந்த நாளைக் கொண்டாடிவிட்டுத்தான் அவர்கள் வெளியே வந்தனர். மிக்கேல் என்னும் தேவதூதரின் படம் ஒன்று, கருகிய நிலையில், அவனிடம் கண்டெடுக்கப்பட்டது. கூட்டத்தில் சேரும் சடங்கிலே எரிக்கப்படும் படம் அது.

கொல்லப்பட்டவர் எந்தப் பக்கத்தார்? கொன்றவர் எந்தப் பக்கத்தார்? இரு பக்கமும் ஓர் ஊரையே சுட்டின. இத்தாலியின் தென்கோடியில், அஸ்ப்ரோமோந்தே மலைச்சரிவில் ஏறத்தாழ நாலாயிரம் மக்கள் வாழும் சான் லூக்கா என்னும் சிற்றூர் அது. 1991ஆம் ஆண்டு கார்னிவல் திருநாளில் இளைஞர் சிலர் முட்டை வீசி விளையாடினர். விளையாட்டு வினையாயிற்று; சில நாட்களில் இருவர் மாண்டனர். பிறகு அதற்குப் பழி, அந்தப் பழிக்குப் பழி. 2006 கிறிஸ்துமஸ் நாளில் கணவனுக்கு வைத்த குறி தவறி மனைவி மாண்டாள். அவளுக்குரிய விலையைத்தான் எட்டு மாதம் கழித்து டூயிஸ்பர்க் நகரத் தெருவில் ஆறு உயிர்களாக வாங்கினார்கள். முதன்மைக் குற்றவாளி 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிடிபட்டான். 2011இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

முட்டை வீச்சில் பிறந்த சினம் பதினாறு ஆண்டுகள் பட்டுப்போகாமல் இருந்து, மலையைக் கடந்து, எல்லைகளைக் கடந்து, மொழி புரியாத நாட்டிலே வந்து வெடிக்கிறது. அதனைச் சுமந்து வந்தது எது? வறுமை என்பர் சிலர். விடுதி வைத்து நடத்துமளவு வளம் பெற்றவரை வறுமை துரத்தவில்லை. பேராசை என்பர் சிலர். பேராசை கொண்டவன் இலாபம் பார்ப்பான். காவல்துறையின் கண் முழுவதையும் தன்மீது திருப்பும் கொலையை அயல்நாட்டு நகரின் நடுவே செய்யமாட்டான். சுமந்து வந்தது வேறொன்று. நாம் எல்லோரும் போற்றுவது அது. பள்ளியிலே நான் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கற்பிப்பது. குடும்பப் பற்று என்பது அதன் பெயர்.

அதைக் குறித்துத்தான் இக்கட்டுரையில் ஆராய எண்ணுகிறேன். தன் தாய், தன் தந்தை, தன் உடன்பிறந்தார் என்ற பற்று தன்னளவிலே அறமாகுமா? அல்லது, எதற்குத் துணை போகிறதோ அதன் நிறத்தைத்தான் பெறுமா?

இத்தாலி நாட்டின் படம் ஒரு காலணி போலிருக்கும் என்று வகுப்பிலே காட்டுவது வழக்கம். அக்காலணியின் நுனி கலாபிரியா மாநிலம். அங்கே வேரூன்றிய கூட்டத்துக்கு என்டிராங்கெட்டா என்று பெயர். பண்டைக் கிரேக்கர் குடியேறிய நிலம் ஆகையால் பெயரும் கிரேக்க வேர் கொண்டது. ஆண்மையும் நற்பண்பும் ஒருங்கே அமைந்த வீரம் என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது என்று சொல்நூல் வல்லார் கூறுவர். பெயரிலேயே எத்துணைப் பெருமிதம் பாருங்கள்! அவர்கள் தமக்கென வழங்கும் பிறப்புக் கதை அதனினும் பெருமிதமானது. தங்கையின் மானம் காக்கக் கொலை புரிந்த மூன்று ஸ்பானிய வீரர்கள், சிசிலிக்கு அருகே ஃபாவிஞ்ஞானா தீவிலே இருபத்தொன்பது ஆண்டுகள் கிடந்து, இரகசிய விதிகளை வகுத்துத் தந்தார்களாம். அவர்களுள் ஒருவர் கலாபிரியாவுக்கு வந்தாராம். வரலாற்றிலே இதற்குச் சான்று எள்ளளவும் இல்லை. கொள்ளைக்கும் கொலைக்கும் புராணம் தேவைப்படுகிறது. புராணம் இருந்துவிட்டால் கொள்ளை குலப்பெருமையாகிவிடுகிறது.

சடங்கும் பக்தியும் இவர்களிடம் குறைவில்லை. சான் லூக்காவின் எல்லைக்குட்பட்ட போல்சி என்னும் மலைக்கோயிலில் செப்டம்பர்த் திருவிழாவின்போது தலைவர்கள் கூடிப் பதவிகளைப் பங்கிட்டதை 2009இல் காவல்துறை மறைவிலிருந்து படம் பிடித்தது. 2014 ஜூன் 21 அன்று போப் பிரான்சிஸ் கலாபிரியாவுக்கே வந்து, மாஃபியாவினர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று அறிவித்தார். பதினொரு நாள் கழித்து, அதே மாநிலத்தின் ஒப்பிடோ மாமர்த்தினா என்ற ஊரில் மாதா சிலையைச் சுமந்து சென்ற ஊர்வலம், மாஃபியாத் தலைவர் ஒருவரின் வீட்டெதிரே நின்று, சிலையைத் தாழ்த்தி வணக்கம் செலுத்தியது. போப் சொன்னது ஊர் காதில் விழவில்லையா? விழுந்தது. ஆனால், அவர் ரோமில் இருந்தார். தலைவரின் வீடு தெருவிலே இருந்தது.

இக்கூட்டத்தின் தனித்தன்மை அதன் கட்டுமானத்தில் உள்ளது. சிசிலியின் கோசா நோஸ்ட்ரா அமைப்பிலும் உறவினர் உண்டு. என்றாலும், இரத்தத் தொடர்பு இல்லாதவரையும் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது அங்கே வழக்கம். கலாபிரியாவிலோ அடிப்படைப் பிரிவே குடும்பம். தந்தை தலைவன்; மைந்தர் படை; மைத்துனர் காவல். பகை முற்றினால் பெண் கொடுத்துப் பெண் எடுத்து அமைதி காண்பர். அங்கே திருமணம் என்பது இரு நெஞ்சங்களின் உடன்பாடாக இராமல் இரு படைகளின் உடன்படிக்கையாகிவிடுகிறது. பெண்ணின் விருப்பம் உடன்படிக்கைத் தாளில் இடம்பெறுவதில்லை. தலைவனுக்குப் பிறக்கும் ஆண் குழந்தை பிறந்த அன்றே பாதி உறுப்பினன். அக்குழந்தையின் முன்னே கத்தியையும் சாவியையும் வைத்து, எதைத் தொடுகிறான் என்று பார்ப்பார்களாம். கத்தியைத் தொட்டால் கூட்டத்தான். சாவியைத் தொட்டால் காவலரின் ஆள். கத்தியைக் கைக்கெட்டும் தூரத்திலும் சாவியைச் சற்றுத் தள்ளியும் வைப்பார்கள் என்று கதையைச் சொல்பவர்களே சொல்லிச் சிரிப்பதுண்டு.

இந்தக் கட்டுமானத்தின் வலிமை வழக்குமன்றத்தில் தெரிந்தது. 1984இல் தொம்மாசோ புஸ்கெத்தா என்ற சிசிலியர் நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயிடம் வாய் திறந்தார். 1986 பிப்ரவரியில் பலெர்மோவில் பெருவழக்கு தொடங்கிற்று. 1987 டிசம்பரில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். கலாபிரியாவில் அப்படி வாய் திறப்பவர் மிகச் சிலரே. ஏன்? சிசிலியன் காட்டிக் கொடுப்பது தன் கூட்டாளியை. கலாபிரியன் காட்டிக் கொடுக்க வேண்டியது தன் தந்தையை, தன் தமையனை, தன் மகளை மணந்தவனை. சட்டத்தின் சுத்தியலால் தகர்க்க முடியாத சுவரை அவர்கள் எழுப்பினர். அந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் பாசம். இத்தாலியச் சட்டம் மாஃபியாக் குற்றத்தைத் தனிக் குற்றமாக வரையறுத்தது 1982இல். என்டிராங்கெட்டா என்ற பெயரையே அச்சட்டத்தில் சேர்த்தது 2010இல்தான். இருபத்தெட்டு ஆண்டுகள்!

இனி, இது வடநகரங்களுக்குப் பரவிய வரலாறு. இதிலே ஒரு விந்தை உண்டு. பரவ வழி வகுத்தவற்றுள் ஒன்று அரசின் கட்டளையே. ஐயத்துக்குரியோரைச் சொந்த ஊரிலிருந்து பெயர்த்துத் தொலைவிலுள்ள ஊர்களில் கட்டாயமாகக் குடியிருக்கச் செய்யும் சட்டம் 1956இல் வந்தது. 1965இல் மாஃபியாவினருக்கும் விரிவாக்கப்பட்டது. மீனை நீரிலிருந்து எடுத்தால் மாளும் என்று எண்ணினர் ஆட்சியாளர். மீன் மாளவில்லை, புதிய குளம் கண்டது. ஆல்ப்ஸ் மலையடியிலே, பிரெஞ்சு எல்லைக்கருகே, பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் புகழ்பெற்ற பர்டோனெக்கியா என்ற ஊர். அறுபதுகளில் அங்கே மாளிகைகளும் விடுதிகளும் மளமளவென்று எழுந்தன. கட்டடம் கட்டுவோருக்குக் குறைந்த கூலிக்கு ஆள் வேண்டும், தொழிற்சங்கம் வேண்டாம், விதிமுறை வேண்டாம். தெற்கிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் அத்தனையும் ஏற்பாடு செய்து தந்தனர். 1995இல் அவ்வூர் நகரமன்றம் மாஃபியா ஊடுருவலுக்காகக் கலைக்கப்பட்டது. வட இத்தாலியில் அவ்வாறு கலைக்கப்பட்ட முதல் மன்றம் அதுதான்.

எமிலியா சமவெளிக்கு வருவோம். கலாபிரியாவின் குத்ரோ என்ற ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொத்து வேலைக்கும் கட்டட வேலைக்கும் ரெஜியோ எமிலியா நகருக்கு வந்து உழைத்து உயர்ந்தனர். அந்நகரிலே குத்ரோவின் பெயரால் ஒரு சாலையே உண்டு. இவர்கள் நேர்மையான உழைப்பாளர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில், தெற்கத்தியான் என்றாலே குற்றவாளி என்று முகம் சுளித்த வடக்கத்தியார் பலர் இருந்தனர். 1982இல் அந்தோனியோ திராகோனே என்பவரை அரசு அப்பகுதிக்கு அனுப்பி வைத்தது. குத்ரோவில் பள்ளிக்கூடப் பணியாளாக இருந்தவர் அவர். அவ்வூர்க் கூட்டத்தின் தலைவரும் அவரே. அவர் ஆட்கள் முதலில் கை வைத்தது யார்மீது? தம் ஊரிலிருந்து வந்து பிழைத்துக்கொண்டிருந்த அதே கட்டட உழைப்பாளர்மீது. ஊர்ப்பாசம், உறவுமுறை எல்லாம் மாமூல் வசூலிக்கும் முகவரிப் பட்டியலாக மாறின.

பிறகு அவரிடம் பயின்ற கிராந்தே அராக்ரி குடும்பத்தார் தலையெடுத்தனர். 2004இல் திராகோனே சிறையிலிருந்து வெளிவந்து குத்ரோவுக்கருகே சென்றுகொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். விசுவாசமே உயிர் என்று சத்தியம் செய்தவர்கள்தாம் இதையும் செய்தனர். குடும்பப் பற்றுக்கு இவர்கள் கட்டும் கோயிலின் உட்புறத்தைக் காண விரும்புவோர் இந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தால் போதும்.

2012 மே மாதத்தில் எமிலியாவை நிலநடுக்கம் உலுக்கிற்று. வீடிழந்து மக்கள் கூடாரங்களில் கிடந்த அந்த நாளிலேயே, இக்கூட்டத்தைச் சேர்ந்த இருவர் தொலைபேசியில், இனி நமக்கு வேலை கிடைக்கும் என்று பேசிச் சிரித்ததைக் காவல்துறை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தது. 2015 சனவரியில் பெருந்தொகையானோர் கைதாயினர். ‘எமிலியா’ என்றே பெயர் சூட்டப்பட்ட அவ்வழக்கில், 2018 அக்டோபர் 31 அன்று நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மொத்தம் 1,200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் கலாபிரியர் மட்டுமா இருந்தனர்? எமிலியாவிலேயே பிறந்து வளர்ந்த தொழிலதிபரும் இருந்தனர். விருந்தாளிக்குக் கதவைத் திறந்தவர் வீட்டுக்காரரே.

அதே பகுதியில் பிரெசெல்லோ என்று ஒரு சிற்றூர். பாதிரியார் தோன் கமீல்லோவும் கம்யூனிஸ்ட் மேயர் பெப்போனேயும் ஓயாமல் மோதிக்கொள்ளும் 1952ஆம் ஆண்டுத் திரைப்படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. இருவருக்கும் ஊர்ச் சதுக்கத்தில் சிலையும் உண்டு. படத்திலே அவ்விருவரும் எதற்கெடுத்தாலும் சண்டையிட்டனர். நடைமுறையில் அவ்வூர் எதற்கும் சண்டையிட மறந்துவிட்டது. கிராந்தே அராக்ரி குடும்பத்தைச் சேர்ந்த, மாஃபியாக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவர் அங்கே வாழ்ந்தார். 2014இல் ரெஜியோ எமிலியாவின் மாணவர் குழு ஒன்று ஒளிப்படக் கருவியுடன் சென்று ஊர் மேயரிடம் அவரைப் பற்றிக் கேட்டது. அடக்கமானவர், பண்பானவர் என்ற பொருளில் மேயர் விடையளித்தார். நாடே பார்த்தது. 2016 ஏப்ரலில் அந்த மன்றமும் கலைக்கப்பட்டது. பெரியவர்கள் தலை குனிந்து நடந்த தெருவில் கேள்வி கேட்டது மாணவர் கூட்டம். ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கு இதை எழுதும்போது நெஞ்சு நிமிர்கிறது என்பதை மறைப்பானேன்!

எட்வர்ட் பான்ஃபீல்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். தென் இத்தாலியச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, இவர்கள் தத்தம் குடும்ப நலன் தவிர வேறொன்றையும் கருதாதவர்கள், பொதுநலம் என்ற எண்ணமே இல்லாதவர்கள், பின்தங்கியமைக்குக் காரணம் இதுவே என்று தீர்ப்பு வழங்கினார். நானும் குடும்பப் பற்றின் தீமையைத்தான் பேசுகிறேன். ஆயினும் அவர் தீர்ப்பை ஏற்க இயலவில்லை. நிலமெல்லாம் பண்ணையார் கையில் குவிந்து, 1861இல் நாடு ஒன்றான பிறகும் வரி கேட்கவும் போருக்கு ஆள் பிடிக்கவும் மட்டுமே அரசைக் கண்ட உழவன், தன் குடிசைக்குள் இருப்பவரைத் தவிர யாரை நம்புவான்? அவன் பற்று அறியாமையில் பிறந்ததன்று; பட்டறிவில் பிறந்தது. அடுத்து, பொதுநலம் கருதாமை தெற்கின் நோய் என்றால், கல்வியும் செல்வமும் கூட்டுறவு இயக்கமும் தழைத்த எமிலியாவின் செல்வர்க்கு அந்நோய் எவ்வாறு வந்தது? மலிவாக மண் அள்ளித் தருகிறானா, கணக்கில் வராத பணம் தருகிறானா, நமக்கேன் வீண் வம்பு, நமக்கும் பெண்டு பிள்ளை உண்டு என்றவர் யார்? குற்றம் புரிபவனின் வாயிலும், குற்றத்தைக் கண்டு வாளாவிருப்பவனின் வாயிலும் வருவது அதே சொல். என் குடும்பம்!

இங்கேதான் வாதம் கடினமாகிறது. நேர்மையாகச் சொன்னால், எதிர்த்தரப்பின் வாதம் வலுவுடையது. பெற்றவரையே காட்டிக் கொடுப்பவன் வேறு யாருக்கு உண்மையாக இருப்பான் என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்வி மிகப் பழமையானது. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், கூலியாள் ஒருவனைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுச் சாகவிட்ட தன் தந்தைமீது யூதிப்ரோ என்பவன் வழக்குத் தொடுக்கச் செல்கிறான். கேட்ட சாக்ரடீசே வியந்து நிற்கிறார். சீனத்துக் கன்பூசியசிடம், எங்கள் நாட்டில் ஆடு திருடிய தந்தைக்கு எதிராகச் சான்று சொன்ன நேர்மையாளன் உண்டு என்று ஒருவர் பெருமை பேசினார். எங்கள் நாட்டிலோ தந்தையை மகனும் மகனைத் தந்தையும் மறைப்பர், அதிலும் நேர்மை உண்டு என்ற கருத்தைக் கன்பூசியஸ் மறுமொழியாகத் தந்தார். அறிவிற் சிறந்தோர் இருவரும் மகன் பக்கத்துத் தயக்கத்தை உணர்ந்தவர்கள். நாம் அதை எள்ளி நகையாடுவது முறையாகாது.

ஆனால், கன்பூசியஸ் பேசியது ஓர் ஆட்டைப் பற்றி. நடந்து முடிந்த ஒரு பிழை. ஈடு செய்யக்கூடிய இழப்பு. மகன் மறைத்தாலும் நாளை தந்தையை நாணச் செய்து ஆட்டைத் திருப்பித் தரச் சொல்லலாம். கலாபிரிய மைந்தனிடம் கேட்கப்படுவது அதுவன்று. நேற்றைய குற்றத்தை மறை என்று அவனிடம் சொல்வதோடு நிற்பதில்லை. நாளைய குற்றத்தைச் செய் என்கிறார்கள். அன்புக்காகக் கேட்கும் மறைப்பு ஒன்று. தொழிலுக்காகக் கேட்கும் உழைப்பு மற்றொன்று. பிள்ளையின் மனச்சான்றைக் கட்டணமாகக் கேட்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே அவ்வீடு குடும்பம் என்ற பெயருக்கு உரிமையற்றதாகி, வாணிக நிலையமாகிவிடுகிறது. அதில் மகன் மகனாக இல்லை, ஊதியம் பெறாத ஊழியனாக இருக்கிறான். யூதிப்ரோவின் கதையிலும் இறந்தவன் ஒரு கூலியாள் என்பதைக் கவனிக்க வேண்டும். தந்தையின் உரிமையைப் பற்றிப் பல்லாயிரம் பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. பள்ளத்தில் குளிரிலும் பசியிலும் செத்த அந்தக் கூலியாளுக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்குமே! அவன் மகனுடைய பாசத்துக்கு எந்த வழக்குமன்றம்?

கருத்தளவில் இவ்வாறு எழுதுவது எனக்கு எளிது. இதை வாழ்ந்து காட்டியவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை வெறும் சொல்லடுக்கு.

லேயா கரோஃபலோ. கலாபிரியாவின் பெத்திலியா பொலிகாஸ்த்ரோ ஊரில் 1974இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை பழிச்சண்டையில் மாண்டார். அவர் அன்பு கொண்ட ஆடவனும் மிலானில் அதே தொழிலில் இறங்கியவன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. இக்குழந்தையும் இதே சேற்றில் வளர வேண்டுமா என்று எண்ணினார் லேயா. 2002இல் காவல்துறையிடம் தாம் அறிந்ததை எல்லாம் சொன்னார். அதன்பின் ஊர் ஊராக மறைந்த வாழ்வு. 2005இல் தமையனும் கொல்லப்பட்டார். அரசு அளித்த பாதுகாப்பு ஒரு கட்டத்தில் நீக்கப்பட்டு, மீண்டும் வழங்கப்பட்டது. இறுதியில் 2009 ஏப்ரலில் அவரே மனம் சலித்து அதைக் கைவிட்டார். அவ்வாண்டு நவம்பரில், மகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேசலாம் வா என்று அந்த ஆடவன் மிலானுக்கு அழைத்தான். மகளின் படிப்பு என்றால் எந்தத் தாய் வராதிருப்பாள்? 24ஆம் நாள் மாலை அவர் மறைந்தார். கொன்று எரித்துவிட்டனர்.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. தாயைத் தந்தைதான் கொன்றான் என்பதை உள்ளூர உணர்ந்துகொண்டே அத்தந்தையின் உறவினர் வீட்டில் அவள் வாழ வேண்டியதாயிற்று. உண்டாள், உறங்கினாள், வாய் திறக்கவில்லை. பிறகு, மன்றம் ஏறித் தந்தைக்கு எதிராகச் சான்று சொன்னாள். 2012 மார்ச்சில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை; மேல்முறையீட்டில் சில மாறின, தந்தையின் தண்டனை மாறவில்லை. 2013 அக்டோபர் 19 அன்று மிலான் நகரச் சதுக்கத்தில் லேயாவின் இறுதிச் சடங்கு ஊரறிய நடந்தபோது, மகள் முகம் காட்டாமல் குரல் மட்டும் கேட்கப் பேசினாள். தவறு செய்தவர் முகம் மறைப்பது உலக வழக்கு. அங்கே உண்மை சொன்னவள் முகம் மறைக்க நேர்ந்தது.

தந்தைக்கு நன்றி மறந்தவள் என்பீர்களா அவளை? குடும்பப் பற்று இல்லாதவள் என்பீர்களா? தாயும் குடும்பந்தானே! குருதி என்றால் தந்தையின் குருதி மட்டுமே குருதி, தாயின் குருதி தண்ணீர் என்று எழுதியவர் யார்? என் நோக்கில், குடும்பப் பற்றை அந்த நாட்டில் மெய்யாக நிலைநாட்டியவள் அந்தச் சிறுமி. அதே வேளையில், இரத்த உறவை அறுத்துக்கொண்டு வா என்று அழைத்துவிட்டு, வந்தவளுக்கு உறுதியான துணையாக நிற்காத அரசும் குற்றக் கூண்டில் நிற்க வேண்டியதே. பழைய வீட்டை விட்டு வெளியேறு என்பவன் புதிய வீட்டின் கூரையைக் காட்ட வேண்டாமா?

மிலானைப் பற்றி மற்றொரு செய்தி. லேயா மறைவதற்கு ஒரு திங்கள் முன்னே, 2009 அக்டோபர் 31 அன்று, அந்நகரையடுத்த பதெர்னோ துஞ்ஞானோவில், லொம்பார்தி மாநிலத்து என்டிராங்கெட்டாக் கிளைகளின் தலைவர்கள் கூடித் தங்களுக்கு மூத்தவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர். கூடிய இடம் முதியோர் மன்றம். அம்மன்றத்துக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் ஃபால்கோனே, போர்செல்லினோ. 1992இல் மே மாதம் ஒருவரும் சூலை மாதம் மற்றவருமாக மாஃபியாவின் வெடிகுண்டுகளுக்கு இரையான இரு நீதிபதிகளின் பெயர்கள்! அக்காட்சியையும் காவல்துறை படம் பிடித்திருந்தது. 2010 சூலை 13 அன்று நாடெங்கும் ஏறத்தாழ முந்நூறு பேர் கைதாயினர். பெயர்ப்பலகை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் நகரங்களுக்கு இதைவிடப் பெரிய ஏளனம் வேறில்லை.

இனி, என்னை மிகுதியும் அலைக்கழிக்கும் செய்திக்கு வருகிறேன். ரெஜியோ கலாபிரியா நகரச் சிறார் நீதிமன்றத்தில் ரொபெர்த்தோ தி பெல்லா என்ற நீதிபதி தொண்ணூறுகளில் பணி தொடங்கினார். வேறிடம் சென்று 2011இல் அம்மன்றத்தின் தலைவராகத் திரும்பி வந்தார். எதிரே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட சிறுவர்களின் குடும்பப் பெயர்களைப் படித்தபோது திடுக்கிட்டார். இருபதாண்டுக்கு முன் அவர் தண்டித்த சிறுவர்களின் மைந்தர்களும் தம்பிகளும் அவர்கள். 2012 முதல் புதிய வழியை மேற்கொண்டார். குழந்தையைக் குற்றத்துக்குப் பழக்கும் பெற்றோரின் உரிமையைக் குறைக்கவும் நீக்கவும் இடந்தரும் சட்டப்பிரிவைக் கொண்டு, அத்தகைய சிறுவர்களைக் கலாபிரியாவுக்கு வெளியே அனுப்பினார். வேறு ஊர், வேறு பள்ளி, வேறு தோழர். பதினெட்டு வயது வந்ததும் எங்கே வாழ்வதென்று அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து அரசு பிரிக்கலாமா? இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் என் உள்ளம் கூடாது என்றது. ஏழை என்பதற்காகவும், வேற்றினத்தார் என்பதற்காகவும், தனக்குப் பிடிக்காத கொள்கையினர் என்பதற்காகவும் பிள்ளைகளைப் பறித்த அரசுகளை வரலாறு அறியும். ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களின் குழந்தைகளைப் பல்லாண்டுகள் அவ்வாறு பறித்துச் சென்றனர். 2008இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். நல்லெண்ணம் என்ற பெயரில்தான் அதுவும் நடந்தது. இந்த அதிகாரம் கையில் கிடைத்தால் எந்த அரசும் நாளை யாரையும் தகுதியற்ற பெற்றோர் என்று சொல்லக்கூடும். ஆகவே, குடும்பத்தின் பெயரைக் கண்டு பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். இன்னாரின் மகன் என்பதே குற்றமானால், கத்தியையும் சாவியையும் வைத்துப் பார்த்தவருக்கும் நீதிபதிக்கும் என்ன வேறுபாடு? பிறப்பைக் கொண்டு முத்திரை குத்துவதில் இருவரும் ஒன்றாகிவிடுவர். இந்தச் சிறுவன் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது, இந்தச் சிறுவனைப் பொதி சுமக்க அனுப்பினர் என்று மெய்ப்பித்த பிறகு, அவனுக்காக, அவன் வழக்கை மட்டும் பார்த்து முடிவு செய்வதானால் ஏற்பேன். அவ்வாறு ஏற்கும்போதும் மனம் முழுதும் ஆறுவதில்லை. பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் புது ஊரின் அறையிலே இரவில் தனியே படுத்திருப்பதை எண்ணிப் பார்க்கிறேன். என் வகுப்பின் பிள்ளைகள் அதே வயதினர்.

அறையிலே அவன் அழுவான், ஐயமில்லை. தந்தையின் வீட்டிலே அவன் அழுவதற்கே அனுமதி இருந்ததா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. ஆண்மகன் அழலாகாது, பழியை மறக்கலாகாது, காவலனிடம் பேசலாகாது, மாமன் மகளைத் தவிர மற்றவளை விரும்பலாகாது. தந்தை தன் மகனுக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த செல்வம் தன்னைப் போலல்லாத மனிதனாக வளரும் உரிமை. அதைத் தர மறுக்கும் பெற்றோரிடமிருந்து அதை மட்டும் வாங்கித் தருவதானால், அந்த நீதிமன்றம் செய்தது கொடுமையாகாது என்றே இன்று எண்ணுகிறேன்.

என் முடிவுக்கு வலிமை தந்தவர்கள் அறிஞர்கள் அல்லர்; அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள். முதலில் அந்த நீதிபதியைக் குழந்தை திருடன் என்று தூற்றினர். சில ஆண்டுகளில் அத்தாய்மாரில் சிலரே மறைவாக அவரிடம் வந்தனர். கணவன் சிறையில், மூத்தவன் கல்லறையில், இளையவனையாவது இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள் என்று மன்றாடினர். சிலர் பிள்ளைகளுடன் தாங்களும் ஊரை விட்டு வெளியேறினர். ஒன்றன்பின் ஒன்றாகச் சிறையிலிருந்தும் கடிதங்கள் வந்தன. எழுதியவர்கள் தந்தையர். வெளியார் முகம் காணாத கடுங்காவலில் அடைபட்டவரும் அவர்களில் இருந்தனர். தம் மகனைத் தம்மிடமிருந்து பிரித்ததற்காக அந்த நீதிபதிக்கு அவர்கள் நன்றி எழுதியிருந்தனர்.